பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள நுண்ணுயிர் தெரியுமா? 1200 மடங்கில் வெறும் மூட்டம்தான் வருகிறது

மதியொளி:
மகளுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்கு ஒரு சிறுவர் மைக்ராஸ்கோப் வந்தது. பிளாஸ்டிக் உடம்பு, அடியில் பேட்டரி விளக்கு, பெட்டியின் மேல் 100, 400, 1200 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கூடவே கொடுத்த தயார் ஸ்லைடுகள் (பூச்சி இறக்கை, தாவரத் தண்டின் குறுக்கு வெட்டு) 100-இல் நன்றாகவே தெரிகின்றன. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டுமாம், அது அசைய வேண்டுமாம். குளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்து நேரே 1200-க்குப் போனோம். சாம்பல் நிறத்தில் ஒரே மூட்டம், நடுவில் தடித்த கறுப்பு விளிம்போடு வட்டம் வட்டமாக ஏதோ இருக்கிறது. "இதுதான் பாக்டீரியாவா?" என்று கேட்கிறாள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரிக் கருவியில் நிஜமாகவே நுண்ணுயிர் பார்க்க முடியுமா, இல்லை அதற்கு வேறு கருவிதான் வேண்டுமா? பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்கற்றை:
முதலில் அந்தக் கறுப்பு விளிம்பு வட்டங்கள்: அவை காற்றுக் குமிழிகள். பாக்டீரியா அப்படி இருக்காது. கவர் ஸ்லிப்பை (சொட்டின் மேல் மூடும் மெல்லிய சில்லு) மேலிருந்து தட்டையாக வைத்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு ஓரத்தை நீர்ச்சொட்டின் விளிம்பில் தொடவிட்டு, சாய்வாகப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்குங்கள், முக்கால்வாசிக் குமிழி போய்விடும்.

அப்புறம் 1200 என்ற எண். அதை மறந்துவிடுங்கள். உருப்பெருக்கம் வேறு, பகுதிறன் வேறு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறனுக்குத்தான் பகுதிறன் என்று பெயர், அதை முடிவு செய்வது லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை உள்வாங்குகிறது என்பது. எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1873-லேயே இந்த எல்லையை எழுதி வைத்துவிட்டார். நல்ல கண்ணாடி லென்ஸ் உள்ள பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கு ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸ்) துளை எண், அதாவது அந்தக் கோணத்தைக் குறிக்கும் எண், 0.65 இருக்கும், அதை வைத்து ஏறத்தாழ 0.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துப் பார்க்கலாம். பயனுள்ள உருப்பெருக்கத்துக்கு உச்சவரம்பு அந்தத் துளை எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் வருவது, அதாவது 650 வாக்கில். அதற்கு மேல் போனால் மங்கலாக இருப்பது பெரிய மங்கலாகும், புதிதாக ஒரு விவரமும் வராது. உண்மையிலேயே 1000 மடங்கு வேண்டுமென்றால் ஆப்ஜெக்டிவுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கிற 1.25 துளை எண் லென்ஸ் வேண்டும். பிள்ளைகள் கருவியில் அது கிடையாது, பிளாஸ்டிக் லென்ஸாக இருந்தால் 400-ஏ சிரமப்படும்.

ஆகவே உங்கள் கருவியில் மிகக் குறைந்த எண்தான் மிக நல்ல எண். அதிலிருந்து ஆரம்பியுங்கள், அதிலேயே நிறைய நேரம் இருங்கள்.

தொடுவானம்:
நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். இந்தப் பொம்மை மைக்ராஸ்கோப்புகள் பிள்ளைகளின் ஆர்வத்தைக் கொல்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே உடம்பு முழுக்க ஆடும், விரலை எடுத்தால் படம் நழுவிவிடும். பையன் ஒரு மாலை முழுக்க முயன்றுவிட்டு அலமாரியில் தூக்கி வைத்தான், அதோடு சரி. பெட்டியில் வண்ண வண்ணமாக பாக்டீரியா படம் போட்டிருப்பார்கள், அதில் பாதி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்து அப்புறம் வண்ணம் பூசியது. குழந்தை அதைத்தான் எதிர்பார்த்து உட்காருகிறது. பள்ளி ஆய்வகங்கள் மாற்றிப் போடும் பழைய உலோக மைக்ராஸ்கோப் ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள் என்பேன்.

பாசிக்குளம்:
தொடுவானம் சொல்கிற ஆட்டமும் பெட்டிப் படமும் உண்மைதான், ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாக்டீரியாவைத் தேடுவதால்தான் எல்லோரும் சலித்துப்போகிறார்கள். நுண்ணுயிர் என்றாலே பாக்டீரியா என்று ஆகிவிட்டது, அது ஒரு பகுதிதான். எண்களைப் பாருங்கள்: குடலில் வாழும் ஈ. கோலை இரண்டு மைக்ரான் நீளம். குளத்து நீரில் இருக்கும் பாரமீசியம் காடேட்டம் என்ற ஒற்றைச் செல் உயிர் 200 முதல் 300 மைக்ரான், ஈ. கோலையைவிட நூறு மடங்குக்கும் மேல் நீளம்! மனித முடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். உங்கள் மகளின் முடி ஒன்றை ஸ்லைடில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முடி உங்கள் கருவியில் தெளிவாகத் தெரிந்தால் பாரமீசியமும் தெரியும், சந்தேகமே வேண்டாம். அமீபா புரோட்டியஸ் அதைவிடப் பெரிது. ஸ்டென்டர் என்ற ஊதுகுழல் வடிவ ஒற்றைச் செல் உயிர் இரண்டு மில்லிமீட்டர் வரை நீளும், வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும்.

விஷயம் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. குளத்தின் நடுவில் தெளிந்த நீரை மொண்டு வந்தால் ஸ்லைடில் ஒன்றும் இராது. கரையோரம், இலை மக்கிக் கிடக்கும் இடம், கல்லில் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசி, நீர்ச்செடியின் வேர், இவற்றைச் சுரண்டியோ பிழிந்தோ எடுங்கள். வீட்டுக்குள்ளேயே என்றால் பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர், செடித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய நீர், மீன் தொட்டியின் அடி வண்டல். பாட்டிலில் கொண்டுவந்ததும் உடனே கலக்கிவிடாமல் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். சொட்டுக்குழாயின் குமிழை வெளியிலேயே அழுத்திக்கொண்டு நுனியை அடி வண்டலுக்குக் கொண்டுபோய், அங்கே பிடியை மெல்லத் தளர்த்தினால் உயிர்கள் கூட்டமாக இருக்கும் இடத்து நீர் வந்துவிடும். மேல் பரப்பில் படலம் போல் மிதப்பதிலும் ஒரு சொட்டு தனியாக எடுங்கள். இரண்டிலும் இருப்பவை வேறு வேறு.

குளம் பக்கத்தில் இல்லை என்றால் வைக்கோல் ஊறல் போடலாம். காய்ந்த புல்லை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு நீர் ஊற்றி, மூடியை இறுக்காமல், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டியதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. இரண்டு மூன்று நாளில் நீர் கலங்கும், அது பாக்டீரியா பெருகிய கலங்கல். அதைத் தின்ன அடுத்து கசையிழையால் நீந்தும் பொடி உயிர்கள் வரும், காய்ந்த புல்லிலேயே கூட்டுக்குள் உறங்கிக் கிடந்த கோல்போடா என்ற ஒற்றைச் செல் உயிர் எழுந்து வரும் (சிறுநீரக வடிவில், சுழன்று சுழன்று போகும்). பாரமீசியம் அப்படிக் காய்ந்து உறங்கும் வகை இல்லை, அது வேண்டுமென்றால் குளத்து நீரோ பூச்சாடி நீரோ கொஞ்சம் சேர்க்க வேண்டும். வாரம் போகப் போக ஒன்று குறைய, இன்னொன்று பெருக, அதைத் தின்பது வந்து சேர, ஒரே குடுவையில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து நாளொரு படம் வரையச் சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு யார் இருக்கிறார் என்று தானே ஓடி வந்து பார்க்கும்.

நுண்ணுயிர்களை முதன்முதலில் பார்த்து எழுதிய டச்சுக்காரர் லேவன்ஹுக் 1674-இல் ஏரி நீரிலும், அப்புறம் மிளகு ஊறிய நீரிலும் இதைத்தான் பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஊறப்போட்டார், கிடைத்ததோ நீந்தும் உயிர்கள். 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் அதைப் பற்றியதுதான். அவர் கையில் இருந்தது ஒற்றை லென்ஸ் வைத்த சின்ன உலோகத் தகடு. மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிக வலுவானது ஏறத்தாழ 270 மடங்கு.

ஆய்வகத்துளி:
நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பாசிக்குளம் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன், பாக்டீரியா பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் குழந்தை அதைக் கேட்டிருக்கிறாள்.

பாக்டீரியா கண்ணுக்குச் சிக்காததற்குச் சிறியதாக இருப்பது ஒரு காரணம், நிறமில்லாமல் நீர்போலவே ஒளியைக் கடத்துவது இன்னொரு காரணம். அதனால்தான் ஆய்வகத்தில் சாயம் ஏற்றுகிறோம். ஓரளவு நல்ல 400 மடங்கு கருவி இருந்தால் சாயம் ஏற்றிய பாக்டீரியா பொடிப் புள்ளியாகவோ சிறு கோடாகவோ தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஈஸ்ட்டை வைத்துப் பாருங்கள். அது பூஞ்சை இனம், 5 முதல் 10 மைக்ரான், பாக்டீரியாவைவிட நன்றாகப் பெரிது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு, அரை மணி கழித்து நீர்த்து ஒரு சொட்டு பார்த்தால் முட்டை வடிவச் செல்களும், சிலவற்றின் தோளில் முளைத்திருக்கும் குட்டிச் செல்லும் தெரியும். மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் மெத்திலீன் நீலத்தை மிக நீர்த்து ஒரு சொட்டு சேர்த்தால் செத்த செல் நீலமாகும், உயிருள்ளது சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும். கையில் பட்டால் லேசில் போகாது, பெரியவர்கள்தான் கையாள வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் ஜெல்லித் தட்டு ஊற்றி அதில் கைரேகையோ கதவுப்பிடி துடைத்த பஞ்சோ தேய்த்து பாக்டீரியா வளர்க்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன, அதைச் செய்யாதீர்கள். சாதாரணமாக நம் தோலில் கொஞ்சமாக இருப்பது அந்தத் தட்டில் கோடிக்கணக்கில் பெருகுகிறது, அதில் எது வளர்ந்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, மூடியைத் திறந்தால் பூஞ்சை வித்துகள் பறக்கும். ஆய்வகத்தில் அதை அழுத்தக் கொதிகலனில் கொன்றுவிட்டுத்தான் குப்பையில் போடுவோம், வீட்டில் அந்த வசதி கிடையாது. சொட்டு நீரில் இருப்பதை அப்படியே பார்ப்பது வேறு, வளர்த்துப் பெருக்குவது வேறு. குளத்து நீரைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாக்கடை நீர் வேண்டாம், சொட்டுக்குழாயை வாயில் வைத்து உறிஞ்ச விடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு பிளாஸ்டிக் கவர் ஸ்லிப் போதும், கண்ணாடியாலான கவர் ஸ்லிப் மிக மெல்லியது, உடைந்தால் விரலைக் கிழிக்கும்.

ஒளிக்கற்றை:
பாதுகாப்பில் இன்னொன்றும் உண்டு. விளக்குக்குப் பதில் கண்ணாடி வைத்த கருவிகளில் அந்தக் கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரமாகக் கேடு வரும். ஜன்னலின் வெளிச்சம் போதும்.

மதியொளி:
எல்லோருக்கும் நன்றி. 1200 லென்ஸைத் தொடக்கூடாது என்று அவளே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். கரையோரப் பாசியைப் பிழிந்து எடுத்த நீரை 100-இல் பார்த்தோம், முதல் சொட்டிலேயே ஓட்டமும் ஆட்டமுமாக இருந்தது! மூன்று சந்தேகம் இருக்கிறது. பச்சை இழை ஒன்றில் மணி மணியாக ஏதோ காம்பில் தொங்குகின்றன, மேசையைத் தட்டினால் படக்கென்று காம்பு சுருண்டுகொள்கிறது, அப்புறம் மெதுவாக நீள்கிறது, அது என்ன? இரண்டாவது, மிகப் பொடியான புள்ளிகள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன, அவை உயிரா? மூன்றாவது, 400-இல் பார்க்கும்போது சங்கிலி போல ஒன்று பார்வையில் மிதந்து போகிறது, எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அதோடு ஓடுகிறவை ஓடிக்கொண்டே இருப்பதால் எதையும் உற்றுப் பார்க்க முடியவில்லை.

பாசிக்குளம்:
காம்பில் தொங்கும் மணி வார்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிர்! முதல் முயற்சியிலேயே அது கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். காம்புக்குள் சுருங்கும் இழை ஒன்று ஓடுகிறது, அது கால்சியத்தால் இயங்குகிறது, கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவில் சுருண்டுவிடும். நீள்வதற்கு மட்டும் சில விநாடி எடுக்கும். மணியின் வாயைச் சுற்றி குற்றிழைகள் (மயிர் போன்ற பொடி இழைகள்) அடித்துக்கொண்டே இருப்பதை 400-இல் பார்க்கலாம். கறுப்பு வரைமையை (படம் வரையும் மை) நன்றாக நீர்த்து, ஊசி முனையளவு அந்தச் சொட்டின் ஓரத்தில் தொட்டு வையுங்கள். மைத்துகள்கள் வந்து மணியின் வாயருகே சுழித்துக்கொண்டு உள்ளே போவதும், கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் கறுப்பு உருண்டைகளாகச் சேர்வதும் தெரியும். அந்த உருண்டைகள்தான் உணவுக்குமிழ்கள். அது சாப்பிடுவதைக் குழந்தை நேரில் பார்க்கலாம்.

ஓடுகிறவற்றைப் பிடிக்க வழி இருக்கிறது. பஞ்சிலிருந்து நாலைந்து இழையைப் பிய்த்து சொட்டுக்குள் பரப்பி, அப்புறம் கவர் ஸ்லிப்பை மூடுங்கள், பாரமீசியம் அந்த இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி நிற்கும். இல்லையென்றால் மெல்லிய காகிதத்தின் முனையைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் தொடவிட்டுக் கொஞ்சம் நீரை உறிஞ்ச விடுங்கள், இடம் குறுகி வேகம் குறையும் (அதிகம் உறிஞ்சினால் நசுங்கிவிடும், பார்த்துச் செய்யுங்கள்). அப்படி ஒன்று நின்றதும் அதன் உடம்பின் இரண்டு முனைக்கும் பக்கத்தில் பாருங்கள், தெளிந்த வட்டம் ஒன்று மெல்ல நிறைந்து பட்டென்று மறையும், சுற்றிலும் நட்சத்திரக் கதிர் போல வாய்க்கால்கள் தோன்றும், அது முடிந்ததும் மறுமுனையில் இருப்பது நிறையும். உள்ளே புகுந்துகொண்டே இருக்கும் நன்னீரை வெளியே இறைக்கிற சுருங்கும் குமிழ் அது. ஓட்டை விழுந்த படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பவரைப் போல, நிறுத்தினால் உடம்பு வெடித்துவிடும். பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படமாகப் பார்த்தது கண்முன் துடிக்கும்போது எனக்கு இன்னமும் மெய் சிலிர்க்கிறது.

ஒளிக்கற்றை:
நடுங்கும் புள்ளிகள் பெரும்பாலும் உயிரில்லாதவை. தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் இடிப்பதால் வருகிற பிரௌனியன் நடுக்கம் அது. 1827-இல் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த பொடித் துகள்களில் இதைக் கவனித்தார், 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கம் எழுதினார். சோதித்துப் பார்க்க அதே வரைமை போதும். மை கலந்த வெறும் நீரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், மிகப் பொடியான துகள்கள் அதே மாதிரி நடுங்கும். உயிருள்ளது ஒரு திசை பிடித்துப் போகும், முட்டினால் திரும்பும், பக்கத்தில் இருப்பது நிற்க இது மட்டும் கடக்கும். நின்ற இடத்திலேயே நடுங்குவதையும் எல்லாம் ஒரே பக்கம் மிதப்பதையும் உயிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னது கவர் ஸ்லிப்பின் கீழே நீர் வற்றுவதால் வரும் ஓட்டம்.

மிதக்கும் சங்கிலி உங்கள் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உருப்பெருக்கம் கூடக் கூட ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வரும் ஒளிக்கற்றை மெலிந்துபோகிறது, அப்போது விழியின் உள்ளே இருக்கும் கூழ்ப்பொருளில் மிதக்கும் இழைகளின் நிழல் விழித்திரையில் கூர்மையாக விழும். இதைப் பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது. ஸ்லைடை நகர்த்துங்கள், கூட நகர்ந்தால் அது ஸ்லைடில் இருக்கிறது. ஐபீஸை அதன் குழாயிலேயே சுழற்றுங்கள், கூடச் சுழன்றால் ஐபீஸில் படிந்த தூசி. இரண்டுக்கும் அசையாமல் உங்கள் பார்வை திரும்பும்போது மட்டும் மிதந்தால் அது கண்ணுக்குள் இருப்பது. அந்த மூன்றாவது வகையை அறிவியல் கண்டுபிடிப்பு என்று நினைத்து வரைந்து வைத்தவர்கள் உண்டு, ஆகவே மகளுக்கு இந்தச் சோதனையை முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

வெளிச்சத்தையும் குறையுங்கள். ஸ்லைடுக்கு அடியில் துளைகள் உள்ள வட்டத் தகடு இருந்தால் சிறிய துளைக்கு மாற்றுங்கள். அது இல்லையென்றால் விளக்கின் பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியில், அதுவரை கண்ணாடி போல இருந்த உடம்பின் விளிம்பும் உள்ளுறுப்பும் நிழலோடு எழுந்து தெரியும். இதற்குச் செலவே இல்லை, லென்ஸை மாற்றுவதைவிட இது பெரிய வித்தியாசம் கொடுக்கும்.

தொடுவானம்:
சரி, அந்த அட்டையை நேற்று ராத்திரி எங்கள் வீட்டு அலமாரிக் கருவியில் வைத்துப் பார்த்தேன், பூச்சாடித் தண்ணீர்தான். வித்தியாசம் கண்கூடாக இருக்கிறது. ஆட்டத்துக்கு, கருவியின் அடித்தட்டில் கனமான ஒரு பலகையை இறுக்கிக் கட்டினேன், அதற்குப் பிறகு பையன் திருகைத் தொட்டாலும் படம் நிற்கிறது. நல்ல கருவிதான் வாங்க வேண்டும் என்ற கருத்து எனக்கு மாறவில்லை, ஆனால் இருப்பதை வைத்து ஆரம்பிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீர்க்கரடி பார்க்க வேண்டும் என்கிறான் பையன். அது இதில் தெரியுமா?

பாசிக்குளம்:
தெரியும். நீர்க்கரடி, அதாவது டார்டிகிரேட், பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும், 40 முதல் 100 மடங்கு போதும். சுவரிலோ மரப்பட்டையிலோ மெத்தை போல வளர்ந்து வெயிலில் காய்ந்திருக்கும் பாசியைக் கொஞ்சம் பெயர்த்து, நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுநாள் நன்றாகப் பிழியுங்கள். வடிந்த நீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு அடியில் படிந்ததை மட்டும் எடுங்கள். எட்டுக் கால், முனையில் நகம், கட்டியான உடம்பு, மண்துகளை மிதித்து மிதித்து மெதுவாக நடக்கும், நீந்தாது. ஒவ்வொரு பாசியிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது, வேறு வேறு இடத்துப் பாசியில் தேடுங்கள்.

அதைத் தேடும்போது ரோட்டிஃபர் என்ற பல செல் குட்டி விலங்கு நிச்சயம் போல வரும், அதை விட்டுவிடாதீர்கள். அட்டைப்பூச்சி போல நீண்டு சுருங்கி நகரும், காலை ஊன்றிக்கொண்டு தலையை விரித்தால் இரண்டு சக்கரம் சுழல்வது போலத் தெரியும். உண்மையில் எதுவும் சுழலவில்லை, குற்றிழைகள் அலை அலையாக அடிப்பதால் வரும் தோற்றம் அது. நெஞ்சுப் பகுதியில் தாடை ஒன்று மென்றுகொண்டே இருக்கும். காய்ந்த பாசியில் சுருண்டு கிடந்துவிட்டு நீர் பட்டதும் எழுந்து வருகிற இனங்கள் இவை. சைபீரிய உறைமண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டு உறைந்திருந்த ரோட்டிஃபர் மீண்டும் உயிர்த்து இனப்பெருக்கம் செய்ததாக 2021-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

மதியொளி:
வார்ட்டிசெல்லா மை தின்பதைப் பார்த்தாகிவிட்டது! போனை ஐபீஸில் பிடித்து வீடியோ எடுக்க முயன்றோம், கறுப்பாகத்தான் வருகிறது. அப்புறம், குடுவைத் தண்ணீரை வேலை முடிந்ததும் அதே குளத்தில் ஊற்றலாமா? அவை செத்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறாள்.

ஒளிக்கற்றை:
போன் லென்ஸ் ஐபீஸில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு இடத்தில் வெளிச்ச வட்டம் முழுதாக விரியும். கெட்டிக் காகிதத்தைச் சுருட்டி அந்த நீளத்துக்கு ஒரு குழாய் செய்து ஐபீஸில் மாட்டிவிட்டால் போனை அதன் மேல் வைத்து எடுக்கலாம். வட்டம் வந்ததும் திரையில் அதைத் தொட்டு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

ஆய்வகத்துளி:
ஒரே குளத்திலிருந்து எடுத்து, வேறு எதுவும் கலக்காமல் இருந்தால் அதே குளத்தில் தாராளமாக ஊற்றலாம். மையோ சாயமோ சேர்த்த சொட்டும், வேறு இடத்து நீரோ மீன் தொட்டி நீரோ கலந்த குடுவையும் குளத்துக்குப் போகக் கூடாது, ஒரு நீர்நிலையின் பாசியும் நத்தை முட்டையும் இன்னொன்றில் போய்ப் பரவினால் அங்கிருப்பவை பாதிக்கப்படும். அதையெல்லாம் செடித் தொட்டி மண்ணில் ஊற்றிவிடுங்கள். மகளின் கவலைக்கு: அந்த மண்ணிலும் நீர்ப்படலம் இருக்கிறது, கோல்போடா போன்றவை அங்கேயும் வாழும், மண் காய்ந்தால் கூட்டுக்குள் போய்விடும். அடுத்த மழை கழித்து அதே தொட்டி மண்ணில் ஒரு சிட்டிகையை நீரில் ஊறப்போட்டு அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.